பள்ளியில்லாமல் விளையாட்டிலேயே: மூன்று முதல் ஏழு வயது வரை வீட்டில் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பால்கனியில் ஒரு வாளித் தண்ணீர். ஒரு செம்பு, இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு டீ வடிகட்டி, மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழைய புனல் மாதிரி ஒரு புதுப் புனல். நாலு வயது மகன் முக்கால் மணி நேரமாகத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தான். வடிகட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்று அதன் அடியில் கையை வைத்து அடைத்துப் பார்த்தான். புனலின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நிரப்பி, சட்டென்று கையை எடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "செம்புல எத்தனை டம்ளர் பிடிக்குது, எண்ணிச் சொல்லு பாப்போம்" என்று கேட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அந்த ஒரு கேள்வியில் அவனுடைய விளையாட்டு என்னுடைய பாடமாகிவிட்டது. பிள்ளைகள் இதை உடனே மோந்து பிடித்துவிடுவார்கள். பள்ளிக்கு அனுப்பாமல் வளர்க்க நினைக்கும் பெற்றோர் பழக வேண்டியதில் பெரும்பகுதி இதுதான்: நேரம், இடம், பொருள் மூன்றையும் ஏற்பாடு செய்துவிட்டு, வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பது. கீழே சொல்வதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

நாங்கள் மதுரையில், இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். தோட்டம் கிடையாது, பண்ணை கிடையாது. கணவர் வேலைக்குப் போகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மகள் ஐந்து மாதம் எல்கேஜி போனாள். காலையில் வாந்தி, ராத்திரி தூக்கத்தில் அழுகை. கழிப்பறைக்குப் போகக் கேட்கப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வந்தாள். நிறுத்திவிட்டோம். ஏழரை வயது வரை அவள் வீட்டில்தான் இருந்தாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஆறாகப் போகிறது, இதுவரை எந்தப் பள்ளிக்கும் போனதில்லை.

முதலில் சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள்

ஹோம்ஸ்கூலிங் என்றால் பாடத்திட்டமும் நேர அட்டவணையும் வீட்டுக்கு வந்துவிடும். வாத்தியார் வேலையை அம்மாவோ அப்பாவோ செய்வார்கள். அன்ஸ்கூலிங்கில் பாடத்திட்டமே கிடையாது. குழந்தை எதில் ஈடுபடுகிறதோ அதன் பின்னால் நாம் போகிறோம். அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட் என்பவர் 1970-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. 1977-இல் இதற்கென்றே ஒரு பத்திரிகையையும் தொடங்கினார்.

சுதந்திர விளையாட்டு என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. என்ன விளையாடுவது என்று குழந்தை முடிவு செய்ய வேண்டும். எப்படி விளையாடுவது என்பதும் அதன் விருப்பம். வேண்டாம் என்றால் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம். முடிவில் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அதற்கு வேறு பெயர். ஃப்ளாஷ் கார்டு, 'கற்றல் பொம்மை', நாம் உட்கார வைத்துச் செய்யச் சொல்லும் கைவேலை எல்லாம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அவை நம்முடைய திட்டங்கள்.

இது ஏதோ மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மணல் வீட்டைச் சிதைப்பது, குட்டிப் பறை கொட்டுவது, குட்டித் தேர் உருட்டுவது. பெண்பாலில் கழங்கு, அம்மானை, ஊசல் என்று வரும். காய்களையும் பந்துகளையும் தூக்கிப் போட்டுப் பிடிப்பது, ஊஞ்சல் ஆடுவது. குழந்தை வளர்வதை அதன் விளையாட்டை வைத்து அளந்த மொழி இது.

ஒன்று: வீட்டுப் பெரியவர்களும் சட்டமும்

கணவனும் மனைவியும் ஒத்துப்போகாமல் இதைத் தொடங்காதீர்கள். ஒருவர் விளையாட விட, இன்னொருவர் சாயங்காலம் வந்து "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் மாட்டிக்கொள்வது குழந்தைதான்.

பெரியவர்களிடம் 'இனி பள்ளிக்கே அனுப்ப மாட்டோம்' என்று அறிவிக்க வேண்டாம். எங்கள் அத்தை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "பிள்ளைய மாடு மேய்க்க விடப் போறியா?" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அவர் காலத்தில் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அதனால் வாதம் செய்வதை விட்டுவிட்டு, "ஏழு வயசு வரைக்கும் பாப்போம் அத்தை, அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசுவோம்" என்று ஒரு கெடு சொன்னோம். கெடு இருந்தால் பெரியவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். இரண்டாவதாக, மாலையில் பல்லாங்குழி ஆட பேத்திக்கு ஒரு துணை வேண்டும் என்று அவரையே கேட்டோம். எதிர்த்தவர் இப்போது எங்கள் பக்கத்தின் பெரிய பலம்.

சட்டத்தைப் பொறுத்தவரை: கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. ஆறு வயதுக்கு முன் எல்கேஜி, யூகேஜிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. ஆறு வயதுக்கு மேல், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் வராது. ஆக, ஆறு வரை மனக்கலக்கமே வேண்டாம். ஆறுக்கு மேல் தொடர்ந்தால், தெளிவாக எழுதப்படாத ஒரு இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்க வேண்டும்.

பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒளிக்காதீர்கள், சண்டை போடாதீர்கள். அவர்கள் தேடுவது வேலைக்குப் போகும், கைவிடப்பட்ட குழந்தைகளை. அது மிகவும் தேவையான வேலை. உட்கார வைத்து, குழந்தையைக் காட்டி, நடந்ததைச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை மூன்றும் ஒரே உறையில் தயாராக இருக்கட்டும்.

இரண்டு: பள்ளியின் தழும்பு ஆறட்டும்

குழந்தை பள்ளிக்கே போகாமல் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். கொஞ்ச நாள் போய் நின்ற குழந்தை என்றால், முதல் சில மாதங்கள் எதையும் எதிர்பார்க்காதீர்கள். எங்கள் மகள் முதல் இரண்டு மாதம் எதையும் தானாகத் தொடங்கவில்லை. "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வருவாள். சொல்லச் சொல்ல மட்டும் செய்து பழகிய குழந்தைக்குத் தன் விருப்பம் என்ன என்று தேடவே நாளாகும். அந்த நாட்களில் நிறைய நடந்தோம், நிறையச் சமைத்தோம், மடியில் வைத்துக் கதை சொன்னேன். ஒருநாள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் சேலையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். மத்தியானம் வரை வெளியே வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உயிர் வந்தது.

மூன்று: நாளுக்கு நாலு முளைக்குச்சி

அட்டவணை வேண்டாம். ஆனால் அவிழ்த்துவிட்ட நாளும் குழந்தையைக் களைப்பாக்கும், அழ வைக்கும். சாப்பாடு, குளியல், தூக்கம், தெரு விளையாட்டு இந்த நான்கும் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தால் போதும். நடுவில் இருப்பதெல்லாம் குழந்தையின் சொத்து.

எங்கள் வீட்டில் காலை எட்டரைக்குச் சாப்பாடு முடிந்துவிடும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை யாரும் குழந்தையைக் கூப்பிட மாட்டோம். இந்த மூன்று மணி நேரம்தான் உயிர்நாடி. பெரிய விளையாட்டு சூடுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும்: யார் அம்மா, யார் டாக்டர், எது ஆஸ்பத்திரி என்று பேசி முடிக்கவே அரைமணி போய்விடும். கடைக்கு, பேங்குக்கு, உறவினர் வீட்டுக்கு என்று இந்த நேரத்தைத் துண்டு போட்டால் குழந்தை துண்டு விளையாட்டு மட்டுமே விளையாடும். அப்புறம் 'என் பிள்ளைக்குக் கவனம் நிற்கவில்லை' என்று வருத்தப்படுவோம்.

திரை பற்றி: இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொன்னது. அதே அறிவுரையில் மூன்று, நாலு வயதுக்குத் தினமும் குறைந்தது 180 நிமிடம் உடலசைவும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாடுவதும் வேண்டும் என்கிறார்கள். என் அனுபவத்தில் காலையில் போன் கொடுத்தால் அன்றைய மூன்று மணி நேரமும் போச்சு. அதனால் எங்கள் வீட்டில் திரை மாலை விளக்கு வைத்த பிறகுதான்.

நான்கு: பொருள்

இதில் செலவு செய்ய ஒன்றுமே இல்லை, யோசிக்கத்தான் நிறைய இருக்கிறது.

சைமன் நிக்கல்சன் என்ற கலைஞர் 1971-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நகர்த்த, அடுக்க, பிரிக்க, கலக்க முடிகிற உதிரிப் பொருட்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குக் கண்டுபிடிப்பும் இருக்கும் என்றார். அதற்கு முன்பே, 1943-இல், கோபன்ஹேகன் நகரத்தின் எம்ட்ரப் பகுதியில் பழைய பலகை, செங்கல், கயிறு என்று காயலான் கடைச் சாமான்களைப் போட்டு ஒரு விளையாட்டுத் திடலே திறந்தார்கள். கட்டி முடித்த ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் பூங்காவைவிட, கட்டட வேலை நடக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்பதைக் கவனித்தவர்கள் செய்த ஏற்பாடு அது. நம் தெருவில் யாராவது வீடு கட்ட மணல் கொட்டினால் சாயங்காலம் அங்கே யார் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா?

எங்கள் வீட்டில் இருப்பவை இவை. சலித்துக் கழுவிய ஆற்றுமணல், ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், மொட்டை மாடியில் (பூனை வரும், மூடி வையுங்கள்). களிமண், ஒரு உருண்டை, ஈரத்துணியில் சுற்றி. மதுரைக்காரர்களுக்கு விளாச்சேரி பக்கம்தானே, பொம்மை செய்பவர்களிடமே கேட்டு வாங்கலாம். இரண்டு பழைய நூல் சேலை, ஒரு வேட்டி. துணி கிளிப் ஒரு டப்பா. கயிறு. சிரட்டை பத்துப் பன்னிரண்டு. தச்சுப் பட்டறையில் வெட்டி ஒதுக்கிய மரத்துண்டுகள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவை. புளியங்கொட்டை, சோழி. சொப்புச் சாமான் ஒரு செட். ஒரு மரப்பாச்சி. அட்டைப்பெட்டிகள், ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி கிடைத்தால் அது ஒரு மாதத்துக்கு வீடு, கப்பல், தியேட்டர். கோலமாவு. உடைந்த குடை. பனங்காய்க் காலத்தில் நுங்குக் கூந்தலில் ஒரு வண்டி, அதை மாமா செய்து கொடுப்பார்.

மூன்று வயதில் மணலும் தண்ணீரும் துணியும் மட்டுமே போதும். நாலு வயதில் பாத்திரங்களும் வேஷமும் வரும். ஐந்துக்கு மேல் உண்மையான கருவிகள் கொடுங்கள்: சின்னச் சுத்தியல், ஆணி, ஊசி நூல், வாழைக்காய் நறுக்கச் சின்னக் கத்தி. பொம்மைச் சுத்தியலை வைத்துக்கொண்டு என்னதான் செய்ய முடியும்?

அடுத்து, எடுத்து ஒளிக்க வேண்டியவை. பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மைகள்தான் முதலில். பொம்மையே பேசிவிட்டால் குழந்தை என்ன பேசும்? அவற்றில் பட்டன் பேட்டரியும் இருக்கும். அதை விழுங்கினால் உள்ளே சதையை அரித்துவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எல்லாப் பொருளையும் ஒரேயடியாகப் பரப்பாதீர்கள். பாதி கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழைய சிரட்டை புதுச் சிரட்டையாகிவிடும்.

ஐந்து: நீங்கள் என்ன செய்வது

கஷ்டமான படி இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பக்கத்தில் இருங்கள், ஆனால் உங்கள் கையில் ஒரு வேலை இருக்கட்டும். பூண்டு உரிப்பது, துணி மடிப்பது, எனக்குத் தையல். வெறுமனே உட்கார்ந்து குழந்தையையே பார்த்தால் அது உங்களுக்காக நடிக்கத் தொடங்கும். போன் பார்ப்பதும் வேலை இல்லை. பெரியவர்கள் ஒரு வேலையைக் கையால் செய்து முடிப்பதைப் பார்ப்பதே குழந்தைக்குப் பெரிய தீனி. நான் பட்டன் தைத்த அன்று மகளும் தன் மரப்பாச்சிக்கு ஒரு துணித்துண்டில் பட்டன் தைக்க உட்கார்ந்தாள். நான் கூப்பிடவே இல்லை.

விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். 'இது என்ன கலர்?' உங்களுக்குத் தெரியும்தானே? பிறகு ஏன் கேட்கிறீர்கள்? உண்மையாகத் தெரியாததைக் கேளுங்கள்: "இந்தப் பஸ் எங்க போகுது? எனக்கு டவுன் ஹால் ரோடு போகணுமே." இது விளையாட்டுக்குள்ளேயே நின்று கேட்கும் கேள்வி.

'சூப்பர்', 'வெரி குட்' இரண்டையும் குறையுங்கள். கட்டியதைக் காட்ட வந்தால் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "மேல இருக்கிற கட்டை விழாம நிக்குதே." அவ்வளவுதான். அதற்குப் பிறகு குழந்தை அதை எப்படி நிறுத்தியது என்று தானே சொல்லும்.

"அம்மா, போரடிக்குது" என்று வந்தால் பதறாதீர்கள். நான் "ம்ம், சில நேரம் அப்படித்தான்டா இருக்கும். வா, பக்கத்துல உக்காரு" என்பேன். பத்து யோசனை சொன்னால் பத்தையும் வேண்டாம் என்பான். ஒன்றும் சொல்லாமல் விட்டால் கால்மணி, அரைமணி சிணுங்கல். அதன் பிறகு வருவதுதான் பெரும்பாலும் அன்றைய நல்ல விளையாட்டு. அந்த அரைமணியைத் தாங்குவதற்குத்தான் நமக்கு நெஞ்சுரம் வேண்டும்.

விளையாடக் கூப்பிட்டால் போங்கள். ஆனால் அவர்கள் கொடுக்கும் வேஷத்தில், அவர்கள் சொல்கிறபடி. நோயாளி என்றால் நோயாளிதான்; டாக்டருக்கு நீங்கள் யோசனை சொல்லக் கூடாது. இருபது நிமிடம் முழு மனதோடு விளையாடிவிட்டு, "அம்மாவுக்குச் சோறு வைக்கணும், நான் கிளம்புறேன்" என்று சொல்லி எழுந்துவிடுங்கள்.

அண்ணன் தம்பி சண்டை: அடி, கடி, கல் வந்தால் உடனே நடுவில் போய் நிறுத்துங்கள். மற்றபடி குரல் உயர்ந்தாலே ஓடாதீர்கள். 'நீதான் பெரியவ, விட்டுக்கொடு' என்ற தீர்ப்பை எங்கள் வீட்டில் முற்றிலும் நிறுத்தினோம். "ரெண்டு பேருக்கும் ஒரே வாளிதான் இருக்கு. என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். அவர்கள் கண்டுபிடிக்கும் ஏற்பாடு நமக்கு விசித்திரமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுக்கி வைப்பது ஒரு நாளைக்கு ஒரே முறை, மதியச் சாப்பாட்டுக்கு முன், எல்லோரும் சேர்ந்து. பாதியில் நிற்கும் கோட்டையைக் கலைக்கச் சொல்லாதீர்கள். ஒரு மூலை நாளைக்காக அப்படியே இருக்கட்டும்.

ஆறு: ஆபத்தும் துணிச்சலும்

மரம் ஏறுவது, சுவரிலிருந்து குதிப்பது, கத்தி பிடிப்பது இவற்றில் குழந்தைக்கு ஆபத்து கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு உயரம் முடியும் என்று அதுவே அளந்து பார்க்கும். அங்கே 'விழுந்துருவ, விழுந்துருவ' என்று கத்துவதால்தான் கால் தடுமாறும். கீழே போய் நில்லுங்கள், பேசாதீர்கள். நீங்களே தூக்கி மரத்தில் வைக்காதீர்கள். தானாக ஏறிய உயரத்திலிருந்து தானாக இறங்கத் தெரியும்.

குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் வேறு. அவற்றில் தயவு தாட்சண்யம் கூடாது. வாளித் தண்ணீர் ஒரு சாண் இருந்தாலும் மூன்று வயதுக் குழந்தையைத் தனியாக விடக் கூடாது. விளையாடி முடித்ததும் கவிழ்த்துவிடுங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவர் பக்கத்தில் நாற்காலி, தொட்டி, ஏறி நிற்க எதுவும் இருக்கக் கூடாது. மூன்று வயதுக்குள் புளியங்கொட்டை, கோலி, ஐந்து வயதுக்குள் முழு வேர்க்கடலை, எட்டு வயதுக்குள் ஊதாத பலூன் எதுவும் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் குன்றிமணி. பழைய பல்லாங்குழிப் பெட்டிகளில் இன்னும் இருக்கிறது, பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே இருப்பது கடும் விஷம். தோல் உடையும்படி மென்றால் உயிருக்கே ஆபத்து. அத்தையின் பெட்டியிலிருந்து ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிட்டோம். ஆமணக்கு விதை, அரளி, ஊமத்தையும் அப்படித்தான். இந்த நான்கையும் குழந்தைக்கே காட்டி, பெயர் சொல்லி, "இத வாயில வைக்கக் கூடாது" என்று பழக்குங்கள்.

ஏழு: கூட்டாளிகள்

'மற்ற பிள்ளைகளோட பழகத் தெரியாமப் போயிருமே' என்பதுதான் எல்லோரும் கேட்பது. கேள்வி சரியானது. வீட்டிலேயே அடைத்து வைத்தால் அப்படித்தான் ஆகும். தெருப் பிள்ளைகள் நாலு மணிக்குப் பள்ளி விட்டு வருவார்கள். நாலரையிலிருந்து ஆறரை வரை எங்கள் பிள்ளைகள் கீழேதான். மழை, விருந்தாளி, எதற்கும் அந்த நேரத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படியே. கோடை விடுமுறையில் ஒரு மாதம் அம்மாச்சி ஊர்.

தெருவின் பெரிய சிறப்பு அங்கே எல்லா வயதும் கலந்திருப்பது. எல்கேஜி வகுப்பில் நாலு வயதுக்காரனைச் சுற்றி நாலு வயதுக்காரர்கள் மட்டுமே இருப்பார்கள். தெருவில் பதினொரு வயது அக்கா இருக்கிறாள். கண்ணாமூச்சியில், கல்லா மண்ணாவில் எங்கள் மகன் இரண்டு வருஷம் ஒப்புக்குச் சப்பாணியாகவே இருந்தான். ஒப்புக்குச் சப்பாணி என்பதைப் போல ஒரு நல்ல ஏற்பாட்டை எந்தக் கல்வியாளரும் யோசித்திருப்பாரா தெரியவில்லை: சின்னவனை ஒதுக்க வேண்டாம், அவன் பிடிபட்டால் கணக்கில் சேராது, ஆனால் ஆட்டத்தில் இருக்கிறான். விதிகளை ஓடி ஓடியே கற்றுக்கொள்கிறான். ஒருநாள் அவர்களே "இனிமே நீ நெசமான ஆளு" என்றார்கள். அன்று ராத்திரி அவன் தூங்கவே இல்லை.

மூன்று வயதில் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை விளையாடுவார்கள், பேசிக்கொள்ளக்கூட மாட்டார்கள். அதுவும் சேர்ந்து விளையாடுவதன் ஒரு கட்டம்தான். 'போய்ச் சேர்ந்து விளையாடு' என்று தள்ளாதீர்கள்.

எட்டு: எழுத்தும் எண்ணும் எப்படி வரும்

மகளுக்கு ஐந்து வயதில் பஸ் விளையாட்டுப் பித்து. பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போடுவாள். நாங்கள் எல்லாம் பயணிகள். பஸ்ஸுக்குப் பலகை வேண்டும் என்றாள். "மாட்டுத்தாவணின்னு எழுதிக் குடுங்கம்மா." எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பெரியார், அதற்கு மறுநாள் திருப்பரங்குன்றம். ஒரு வாரத்தில் அவளே பார்த்து எழுதத் தொடங்கினாள். பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் வாசிக்க முயல்வாள். ஒருமுறை 'பெரியர்' என்று எழுதி மாட்டினாள். கால் போடவில்லை. திருத்த வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து நிஜ பஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்து அவளே ஒரு காலைச் சேர்த்தாள்.

டிக்கெட்டும் கிழித்தாள். பெண்களுக்கு இலவசம், ஆண்களுக்குப் பத்து ரூபாய். அப்பா இருபது கொடுத்தால் மீதி பத்து. கூட்டல் கழித்தல் அங்கே தொடங்கியது.

தமிழ் எழுத்து 247 என்றதும் மலைப்பாக இருக்கும். ஆனால் 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டு, காலும் கொம்பும் எங்கே ஒட்டும் என்று தெரிந்துவிட்டால் 216 உயிர்மெய்யும் அநேகமாகத் தானாக விரியும். எழுத்துக்கும் ஒலிக்கும் இவ்வளவு நெருக்கம் இருப்பது நமக்குப் பெரிய வசதி. நாம் செய்ய வேண்டியது மூன்றுதான்: தினமும் மடியில் வைத்து வாசித்துக் காட்டுவது, கேட்டதை எழுதிக் கொடுப்பது, வீட்டில் எழுத்துக்கு உண்மையான வேலை இருக்கச் செய்வது. மளிகைச் சீட்டு, அம்மாச்சிக்குக் கடிதம், மருந்து டப்பாவில் பெயர்.

எண்ணுக்குப் பல்லாங்குழியை விட நல்ல சாமான் எனக்குத் தெரியாது. பதினாலு குழி, குழிக்கு ஐந்து காய், மொத்தம் எழுபது. வெறுங்குழியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நாலு ஆனதும் அது 'பசு', அந்த நாலையும் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்று ஆறு வயதில் மகள் கையை வைக்காமல் கண்ணாலேயே கணக்குப் போட ஆரம்பித்தாள். கோலமும் அப்படித்தான். ஏழு புள்ளி வைத்து ஒன்று வரும் வரை நேர்ப்புள்ளி வைத்தால் 1, 3, 5, 7, 5, 3, 1, மொத்தம் 25. அத்தை இதை ஒருநாளும் கணக்கு என்று சொன்னதில்லை.

எப்போது வாசிப்பார்கள்? ஒரு குழந்தை ஐந்தில், இன்னொன்று எட்டில். ஃபின்லாந்தில் முதல் வகுப்பே ஏழு வயதில்தான் தொடங்குகிறது. நம் நாட்டில் 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயது வரையை ஒரே அடிப்படைக் கட்டமாக வைத்து, அங்கே விளையாட்டு வழிக் கற்றலைச் சொல்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ, பி, சி சொல்வதைக் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக நோட்டு வாங்காதீர்கள்.

ஒன்பது: ஒரு நோட்டு

குழந்தைக்கு இல்லை, உங்களுக்கு. ராத்திரி ஐந்து வரி. தேதி, என்ன விளையாட்டு, எவ்வளவு நேரம், என்ன சொன்னான். மதிப்பெண் போடாதீர்கள். என் நோட்டில் ஒரு நாள்: 'மணலில் கால்வாய். ஒன்றரை மணி. தண்ணீர் மேட்டுக்கு ஏறவில்லை. "மேட்டைக் கீழ இறக்கணும்" என்றான். சிரட்டை மதகு.' பயம் பிடிக்கும் ராத்திரிகள் வரும், கட்டாயம் வரும். அப்போது மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பத்து: பள்ளி செய்யும் ஒரு வேலையை மறக்காதீர்கள்

அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் மருத்துவக் குழு வந்து கண், காது, பல், வளர்ச்சி எல்லாம் பார்ப்பார்கள். வீட்டில் இருக்கும் குழந்தைக்கு அது கிடைக்காது. அதனால் வருஷம் ஒருமுறை நீங்களே கண்ணும் காதும் பரிசோதியுங்கள். ஐந்து வயது முடிந்ததும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்குமான தடுப்பூசி) இரண்டாவது பூஸ்டர் ஊசி உண்டு, விட்டுவிடாதீர்கள். மூன்று வயதாகியும் சின்ன வாக்கியம் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேஷம் போட்டு விளையாடுவதே இல்லை, பேசிய பேச்சு நின்றுபோனது என்றால் 'விளையாட விட்டால் சரியாகிவிடும்' என்று காத்திருக்கக் கூடாது. குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இதற்காகவே அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன. எட்டு வயதைத் தாண்டியும் எழுத்து ஒட்டவே இல்லை என்றாலும் அப்படித்தான்.

இருவரும் வெளியே வேலைக்குப் போக வேண்டிய வீட்டில், பார்த்துக்கொள்ளப் பெரியவர்களும் இல்லை என்றால், இந்த முறை சரிப்படாது. நல்ல அங்கன்வாடியைத் தேடுங்கள். அதற்காக ஒரு குற்ற உணர்ச்சியும் வேண்டாம். மாலை நேரத் தெரு விளையாட்டை மட்டும் காப்பாற்றிக் கொடுங்கள்.

கடைசியாக: ஏழு வயதில் உட்கார்ந்து பேசுவது

வழிகள் மூன்று. வீட்டிலேயே தொடர்வது. அப்படியென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வி நிலைகள் இருக்கின்றன; பதினாலு வயது நிறைந்ததும் அங்கேயே பத்தாம் வகுப்பு எழுதலாம். இரண்டாவது, பிள்ளைகளை விளையாட விடும் மாற்றுப் பள்ளி ஒன்று பக்கத்தில் இருந்தால் அது. மூன்றாவது, வழக்கமான பள்ளி. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, இதுவரை பள்ளிக்கே போகாத குழந்தையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம். சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதை 13-ஆம் பிரிவு தடுக்கிறது.

எங்கள் மகள் ஏழரை வயதில் தானாகக் கேட்டாள். கூட்டாளி போகிறாள், அவளும் போக வேண்டும். பக்கத்து அரசுப் பள்ளியில் ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். தமிழ் வாசிப்பதிலும் மனக்கணக்கிலும் சிரமம் இல்லை. வேகமாக எழுதுவதும் இங்கிலீஷும் கஷ்டப்படுத்தின. கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறார்கள் என்று அழுதாள். டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம், அரையாண்டுப் பரீட்சைக்குள் சமாளித்துக்கொண்டாள். உங்கள் பிள்ளையும் கேட்டால், சேரும் முன் இரண்டு மூன்று மாதம் பென்சில் பிடித்து நாலு வரி பார்த்து எழுதும் பழக்கத்தையும், மூடிய டிபன் பாக்ஸைத் தானே திறப்பதையும், "டீச்சர், பாத்ரூம் போகணும்" என்று சத்தமாகக் கேட்பதையும் வீட்டிலேயே பள்ளிக்கூட விளையாட்டாக விளையாடிப் பார்த்துவிடுங்கள். சேர்ந்த பிறகு டியூஷன் வைக்காதீர்கள். அந்த நாலரை முதல் ஆறரை வரை இன்னும் அவளுடையதுதான்.